எலக்ட்ரான் அடர்த்திப் படம்: கேட்டவர்களுக்குச் சொன்னது

டி.எஃப்.டி. கணக்கை (பொருளில் எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று கணினியில் போடும் கணக்கு) ஓட்டி, வண்ணப்படத்தையும் எடுத்துவிட்டு, அதை எப்படிப் படிப்பது என்று முழிக்கிறவர்கள் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

அக்கா, சிலிக்கான் படத்தில் பிணைப்பே தெரியவில்லை. கணக்கு தப்பா?

கணக்கு சரியாகத்தான் இருக்கும், வெட்டிய தளம்தான் தப்பு. (100) தளத்தில் வெட்டியிருப்பீர்கள் (அடைப்புக்குள் இருப்பது படிகத்தில் தளத்தின் திசையைச் சொல்லும் எண்). வைர அமைப்பில் ஒரு பிணைப்புகூட அந்தத் தளத்தில் கிடக்காது. அணுக்கள் வழியாகப் போகிற (110) தளத்தில் வெட்டிப் பாருங்கள், அணுக்கள் வளைந்து வளைந்து சங்கிலியாக நிற்கும், 2.35 ஆங்ஸ்ட்ராம் பிணைப்பின் நடுவே ஒரு மேடு தெரியும். எவ்வளவு மேடு என்றால், இரண்டு அணுக்கள் கொண்ட சிறிய அலகுக் கூட்டில் 8 இணைதிறன் எலக்ட்ரான், கன அளவு 40 கன ஆங்ஸ்ட்ராம், ஆக சராசரி கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.2, பிணைப்பின் நடுவிலோ சுமார் 0.6. எக்ஸ்-கதிர்ச் சிதறலில் கோள வடிவ அணுக்களுக்கு வரவே கூடாத (222) புள்ளி சிலிக்கானில் மங்கலாக வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்த மேடுதான்.

மேடம், சிலிக்கான் அணு இருக்கிற இடத்தில் அடர்த்தி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். 14 எலக்ட்ரானும் எங்கே போச்சு?

10 உட்கூட்டில் இருக்கின்றன, சூடோபொட்டென்ஷியல் (உட்கூட்டுக்குப் பதிலாக வைக்கும் எளிய மாற்று) அவற்றைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மீதி 4-ஐத்தான் பார்க்கிறீர்கள். படம் பார்க்க இது போதும். பேடர் பகுப்புக்கு (அடர்த்தியை அணுவாரியாகப் பிரித்து மின்சுமை எண்ணும் முறை) போதாது. வாஸ்ப் மென்பொருள் என்றால் ஏஇசிகார்0 (உட்கூடு), ஏஇசிகார்2 (இணைதிறன்) கோப்புகள் இரண்டையும் கூட்டிக் கொடுங்கள்.

வாஸ்ப் அடர்த்தியை எழுதும் சிஎச்ஜிகார் கோப்பில் எண்கள் பெரிது பெரிதாக இருக்கின்றனவே?

அடர்த்தியைக் கூட்டின் கன அளவால் பெருக்கி எழுதியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கில் சேர்த்த (இணைதிறன்) எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கை வரணும். வராவிட்டால் அப்புறம் படமே போடாதீர்கள்.

உப்பில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவே பச்சை நிறம். சகப்பிணைப்பு என்று எழுதலாமா அக்கா?

எழுதாதீர்கள். அந்தப் பச்சை உங்கள் வண்ண அளவுகோல் தந்த பச்சை, மடக்கை அளவுகோலுக்கு மாற்றினால் எங்கும் பச்சையாகிவிடும். இரண்டு தனி அணுக்களைச் சும்மா பக்கத்தில் வைத்தாலே வால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுவில் கொஞ்சம் அடர்த்தி இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்து, வித்தியாசப் படம் போடுங்கள். கழிக்கும்போது அதே கூடு, அதே புள்ளிவலை, அதே அணு இடங்கள். நான் ஒருமுறை பரப்பில் ஒட்டிய மூலக்கூறைத் தனியாக எடுத்து அணுக்களைத் தளர்த்திவிட்டு (இடம் மாற விட்டு) அதன் அடர்த்தியைக் கழித்தேன், பூ இதழ் மாதிரி அழகான படம் வந்தது, குழுக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். அணுக்கள் நகர்ந்ததைத்தான் அது காட்டியது, எலக்ட்ரான் நகர்ந்ததை இல்லை.

ஐசோசர்ஃபேஸ் (ஒரே அடர்த்தி உள்ள புள்ளிகளை இணைக்கும் பரப்பு) மதிப்பு எவ்வளவு வைக்கணும்?

சரியான மதிப்பு என்று ஒன்று கிடையாது. குறைத்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், கூட்டினால் எல்லாம் பிரிந்துவிடும். ஒப்பிடுகிற படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு வையுங்கள், அதை அலகோடு கீழே எழுதுங்கள் (கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.6 என்பது போர் (Bohr) நீள அலகில், கன போருக்கு 0.09). மதிப்பு எழுதாத படத்தை நான் ஆதாரமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மெக்னீசியம் ஆக்சைடுக்குப் பேடர் மின்சுமை 2 வரவில்லை, குறைகிறது.

குறையத்தான் செய்யும். +2 என்பது நாம் எழுதும் கணக்கு. பேடர், அடர்த்தியின் பள்ளத்தாக்கில் கோடு கிழித்து இடத்தைப் பிரிக்கிறது. புள்ளிவலையை மட்டும் இன்னும் நெருக்கமாக்கிப் பாருங்கள், எண் அசையாமல் நின்றால் அப்படியே எழுதுங்கள்.