பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கிடைக்கிறது, அம்மாவுக்கு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 8 வயது. ராத்திரியானால் ஆசனவாயில் அரிக்கிறது என்று அழுகிறாள், தூக்கத்தில் பல்லையும் கடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள், மறுபடி ஆரம்பித்துவிட்டது. இனிப்பு தின்பதால்தான் வயிற்றில் பூச்சி வைக்கிறது என்கிறார் என் மாமியார். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்து, விளக்கெண்ணெயில் பேதிக்கு விடலாம் என்கிறார். செய்யலாமா? எனக்கு 36 வயது, மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறேன். ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.4 தான் இருக்கிறது. மூன்று மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருக்காதுதானே?

பதில்: சம்பந்தம் இருக்கலாம் அம்மா. மகளைவிட உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆனால் நீங்கள் முதலில் கேட்டது பிள்ளையைப் பற்றி, அதை முடித்துவிட்டு வருகிறேன்.

ராத்திரியில் மட்டும் அரிப்பு என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சிதான். வெள்ளை நூல் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிள்ளை தூங்கியதும் பெண் பூச்சி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், அதுதான் அரிப்பு. சொறிந்த விரலின் நகக்கண்ணில் முட்டை ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்த விரல் வாய்க்குப் போகிறது, தம்பி தங்கச்சியின் தட்டுக்குப் போகிறது, பாய், தலையணையிலும் ஒட்டுகிறது.

பள்ளியில் கொடுத்த அல்பெண்டசோல் மாத்திரை நல்ல மருந்துதான். ஆனால் அது குடலில் இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர முட்டையை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டது உங்கள் மகள் ஒருத்தி மட்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் பூச்சி இருந்தால் அவளுக்குத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போடுங்கள், இரண்டு வாரம் கழித்து எல்லோரும் இன்னொரு முறை போடுங்கள். இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு 400 மில்லிகிராம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலையில் எழுந்ததும் குளிக்க வைத்து, ஜட்டியை மாற்றுங்கள். போர்வை, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

கீரிப்பூச்சியை மலப் பரிசோதனையில் பெரும்பாலும் பார்க்க முடியாது. காலையில் கழுவுவதற்கு முன்னால் ஆசனவாயில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது, பூச்சி இல்லாத பிள்ளைகளும் கடிக்கிறார்கள். இனிப்பிலிருந்து பூச்சி பிறப்பதும் இல்லை. முட்டையோ புழுவின் குஞ்சோ வெளியிலிருந்து உடம்புக்குள் போனால்தான் உண்டு. வேப்பங்கொழுந்தை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். விளக்கெண்ணெய் பேதியை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பில் நீர்ச்சத்து குறையுமே தவிர, பூச்சி போகாது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

சரி, இப்போது உங்களுக்கு வருகிறேன்.

கீரிப்பூச்சி ரத்தம் குடிக்காது. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது கொக்கிப்புழுவை. இது வருகிற வழியே வேறு. இந்தப் புழு உள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழித்தால், ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு தோலைத் துளைக்கிற அளவுக்குத் தயாராகிவிடும். வெறுங்காலோடு மிதிப்பவரின் விரலிடுக்கு வழியாக உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கடித்துக்கொண்டு உட்காரும். நுழைந்த இடத்தில் சில நாள் அரிப்பும் சிறு கொப்புளமும் வரலாம். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் தடவிவிட்டு மறந்துவிடுவார்கள்.

வகையைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தத்தை வீணாக்கும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் இவை நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடியவை. தினமும் 10 மில்லி ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அது 4, 5 மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ 1, 2 மில்லிகிராம்தான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதையாக இரும்பு மாத்திரை உள்ளே போகப் போக, கீழே ஒழுகிக்கொண்டே இருக்கும்.

உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். விடியும் முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும், மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் செருப்பு சேற்றில் மாட்டும் என்று கழற்றி வைத்துவிடுவீர்கள். செடி நிழலில் மண் காயாமல் கிடக்கும். வீட்டில் கழிப்பறை கட்டியிருப்பீர்கள். ஆனால் நான்கு மணிக்குத் தோட்டத்துக்கு வந்துவிட்ட பெண் வயிறு கலக்கினால் எங்கே போவாள்? வரப்போரம், சீமைக் கருவேல மறைவு, இல்லாவிட்டால் கம்மாக்கரை. கழிப்பறைக் கணக்கை வீட்டு வாசலில் எண்ணி முடித்துவிடுகிறோம், வேலை செய்யும் இடத்தில் யாரும் எண்ணுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை. பத்துப் பெண்கள் பறிக்கிற தோட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டுவது தோட்டக்காரரின் கடமை. ஊராட்சித் தலைவரிடம் பெண்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள், கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் 1 முதல் 19 வயது வரை மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக, இதில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. 36 வயதில், வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிற உங்களுக்கு அது வந்து சேராது. நீங்களாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் கேளுங்கள். மலத்தை வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுத்தால் நல்லது, ஒரே தடவையில் முட்டை சிக்காமல் போகலாம். எடுத்ததும் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதிக உதிரப்போக்கும் ரத்தத்தை இப்படிக் குறைக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் பூச்சி மாத்திரைக்கு முன்னால் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அல்பெண்டசோல் கொடுப்பதில்லை.

அப்புறம், இரும்பு மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? தோட்டத்தில் டீ வந்ததும் அதோடு போட்டுக்கொள்கிற பழக்கம் பலருக்கு உண்டு. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையே சாப்பிடாதபோதும் கறுப்பாகப் போனால் உடனே காட்ட வேண்டும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இரும்பு இருப்பு நிரம்பும்.

தோட்டத்துக்கு முழுக்க மூடிய பிளாஸ்டிக் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், சேற்றில் செருப்பு மாதிரி மாட்டாது. வேலை முடிந்து காலைக் கழுவுவதை மட்டும் நம்ப வேண்டாம், அதற்குள் குஞ்சு உள்ளே போயிருக்கும்.

நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் நேரே உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். இல்லையென்றால், பூ வரத்து குறைகிற ஒரு நாளாகப் பார்த்து, இந்த வாரத்துக்குள் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூடப் பறிக்கிற பெண்களில் வெளுத்துப்போய்த் தெரிகிறவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.