கைக்கெட்டிய புத்தகத்திலிருந்து ஒரு வரி பகிர்வது என்றால் என்ன?

இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு இது: அருகில் கிடக்கும் புத்தகத்தை எடுத்து, 123-ஆம் பக்கத்தைத் திறந்து, ஐந்தாவது வாக்கியத்தை அப்படியே பகிர்வதுதான். பக்க எண்ணை முன்பே குறித்துவிடுவது, நல்ல வரியாகத் தேடிப் பொறுக்க இடம் தராமலிருக்கத்தான். ராமநாதபுரம் பக்கம் கரைவலை இழுப்பது மாதிரி: சூடை மீனோ சொறிமுட்டையோ (ஜெல்லி மீன்), வலையில் ஏறியதுதான் கரைக்கு வரும்.

தகராறெல்லாம் எண்ணுவதில்தான். முந்தைய பக்கத்திலிருந்து தொங்கி வரும் அரை வாக்கியத்தை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் தொடங்குவதே முதல் வாக்கியம். மெல்லிய புத்தகமென்றால் 23-ஆம் பக்கம் போதும். பாடநூல், படகு எஞ்சின் கையேடு எல்லாம் செல்லும் (இவைதான் பெரும்பாலும் சிரிப்பு மூட்டும்). மின்னூலில் எழுத்தளவு மாறினால் பல சமயம் பக்கமும் மாறிவிடும். அச்சுப் புத்தகமே மேல்.

ஏட்டில் கயிறு சாத்திக் குறி பார்ப்பதோடு (ஓலைச்சுவடிக்குள் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டிலுள்ள பாட்டைப் பார்ப்பது) இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே வந்த பாட்டுக்குப் பலன் சொல்வார்கள். இங்கே வந்த வரிக்குப் பலன் எதுவும் கிடையாது.