வார்டில் எந்த வேலையை உதவியாளரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாக ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகியிருக்கிறீர்கள். உதவியாளர் அக்காவுக்கு உங்கள் அம்மா வயது, வேலை சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கூச்சத்தை அப்புறம் பார்ப்போம்.

குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்ஷீட் மாற்றுவது, எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போவது எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ஊசி மருந்து, நோயாளியின் நிலையைக் கணிப்பது, டிஸ்சார்ஜ் நேரத்தில் மருந்து விளக்குவது கூடவே கூடாது. குழப்பம் நடுவில் இருப்பவற்றில்தான். பிபி பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளை வீட்டுக்குப் போகப்போகிற பெரியவருக்கு, பழகிய உதவியாளர் பார்த்து எழுதட்டும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இப்போதுதான் வந்தவருக்கும், ரத்தம் ஏற்ற ஆரம்பித்து முதல் 15 நிமிடத்தில் இருப்பவருக்கும் நீங்களே பாருங்கள். அங்கே முகம் வெளுக்கிறதா, டிரெசிங் நனைகிறதா, குளிர் நடுக்கம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலை ஒன்றுதான், ஆள்தான் வேறு.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து நோயாளியோடு வருகிறவர்களுக்கு யூனிஃபார்ம் போட்ட எல்லாருமே சிஸ்டர்தான். “சிஸ்டர், ட்ரிப்ஸ் ரொம்ப மெதுவா எறங்குது, கொஞ்சம் திருப்பிவிடுங்க” என்பார்கள். அக்காவும் இரக்கப்பட்டுத் திருப்பிவிடுவார். அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தால், வேகமாக ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம், நின்றும் போகலாம். ட்ரிப்ஸைத் தொடாமல் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதைக் காரணத்தோடு, ட்யூட்டி தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

“அந்த அம்மாவைப் பாத்துக்கங்க” என்பது வேலை சொன்னதாகாது. “அக்கா, 9ஆம் பெட் அம்மாவுக்கு மணிக்கு ஒருக்கா யூரின் அளந்து எழுதுங்க. 30 மில்லிக்குக் கொறஞ்சா எழுதிட்டு விட்டுராதீங்க, உடனே எங்கிட்ட சொல்லுங்க.” இப்படிச் சொல்லிவிட்டு, இரண்டாவது மணியில் நீங்களும் ஒருமுறை சார்ட்டை எட்டிப் பாருங்கள். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. மூத்தவர் என்பதால் “இது முன்னாடி செஞ்சிருக்கீங்களாக்கா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். பழக்கமில்லை என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒருமுறை சுளித்தால் அடுத்த முறை தெரியாததையும் தெரியும் என்பார்.

உதவியாளரின் வேலைப் பட்டியல் உங்கள் ஆஸ்பத்திரியில் எழுத்தில் இருக்கிறதா என்று நர்சிங் சூப்பிரண்டிடம் கேட்டு வாங்குங்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் நீங்கள். நீங்கள் சொல்லி அவர் செய்த வேலைக்கும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சித்திரைத் திருவிழா வாரத்தில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். அப்போது பயிற்சிக்கு வந்த மாணவிகளை ஆள் கணக்கில் சேர்த்து பெட் பிரிக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் போதவில்லை என்று சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இருக்கிற நர்சுகளுக்குள் பிரியுங்கள். அதையும் பெட் எண்ணிக்கையைப் பார்த்துச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். கடுமையான கேஸ் இரண்டு வைத்திருப்பவருக்கு மற்ற பெட்களைக் குறைத்துக் கொடுங்கள்.