நுகர்வோர் கேள்வி-பதில்: மங்கலான கண்ணும் புதிய காரும்

வயது 62. இரவில் எதிர் வாகன லைட் கண்ணைக் கூசுகிறது. கல்முனை வீதியில் மாடு நிற்பது கிட்டப் போன பிறகுதான் தெரிகிறது. தானாகப் பிரேக் பிடிக்கும் கார் வாங்கினால் சமாளிக்கலாமா?
- ஆரையம்பதி வாசகர்

ஐயா, முதலில் கண் கிளினிக்குக்குப் போங்கள். இந்த வயதில் லைட் கூசுவது வெண்புரையாக இருக்கலாம். அதைச் சத்திரசிகிச்சையால் சரியாக்கலாம். தானியங்கிப் பிரேக், முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமராவையும் சில கார்களில் ரேடாரையும் நம்பியது. வாகனத்தையும் ஆளையும் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இருட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். கடும் மழையில் கமராவும் தடுமாறும். கோடு தாண்டினால் எச்சரிக்கும் வசதிக்கு வீதியில் கோடு தெளிவாக இருக்க வேண்டும். உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியவை ரிவர்ஸ் கமரா, சத்தம் போடும் பார்க்கிங் சென்சர், பக்கத்தில் வாகனம் வந்தால் பக்கக் கண்ணாடியில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகியவைதான்.

இரவில் ஓட்ட மஞ்சள் மூக்குக்கண்ணாடி நல்லதா?
- ஏறாவூர்

வாங்காதீர்கள். நானும் ஒன்று வாங்கிக் காசை இழந்தேன். கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி இருட்டில் என்ன உதவி செய்யும்?

கார் வாங்கி மூன்று வாரம். தானியங்கிப் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. முன்கண்ணாடி மாற்றிய காராம். விற்றவர் சொல்லவில்லை.
- அக்கரைப்பற்று

தங்கச்சி, இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. எனக்கு ஆத்திரம் வரும் விஷயமே இதுதான். முன்கண்ணாடியை மாற்றினால் கமராவைத் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அது தூரத்தைப் பிழையாகக் கணக்கிடும், சிலவேளை வேலையே செய்யாது. அந்த வேலையைச் செய்யாமல், "முழுப் பாதுகாப்பு" என்று சொல்லி, பார்வை குறைந்தவர்களிடம் கூடுதல் விலை வாங்குகிறார்கள். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரமாக வையுங்கள். விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். இந்த வாரமே அனுப்புங்கள்.

முற்பணம் 2 லட்சம் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், திரை முழுக்க ஜப்பான் மொழி.
- செங்கலடி

ஓட்டிப் பார்க்காமல் ஏன் கொடுத்தீர்கள்? மாலை மங்கலில் அந்த ஆசனத்தில் ஐந்து நிமிடம் இருந்திருந்தாலே தெரிந்திருக்கும். மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் மொழியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காரில் தானியங்கிப் பிரேக் போன்ற வசதிகள் இருந்தால் சாரதி மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா?
- கல்லடி

கிடைக்காது. அங்கே சோதிப்பது உங்கள் கண்ணை. போகுமுன் கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிறதா என்று பார்த்துவிடுங்கள்.