டிசம்பரில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அல் ஐன் போகிறோம். ஐந்து நாளில் எதைப் பார்க்கலாம்?

கேள்வி கேட்டவர் கல்முனையைச் சேர்ந்தவர். அவருடைய அண்ணன் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் வேலை செய்கிறார். அறுபத்தெட்டு வயதுத் தாயாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் செல்வதால், ஐந்து நாளையும் துபாயிலேயே கழித்துவிடலாமா, அல்லது அல் ஐனைச் சுற்றியுள்ள பாலைவனத்தையும் மலையையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவன். ஏழு ஆண்டுகள் அல் ஐனில் களஞ்சியக் காப்பாளராக இருந்தேன். துபாய்க்கு ஒரு நாள் போதும் தம்பி. மற்ற நான்கு நாளும் அண்ணன் வீட்டில் தங்கி, ஓமானை ஒட்டிய அந்த எல்லைப் பகுதியைப் பாருங்கள். ஆனால் எங்கே போவது என்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் போவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் போன முதல் ஆண்டில், மே மாதத்து நண்பகலில், ஒரு போத்தல் தண்ணீரோடும் காலில் செருப்போடும் நண்பர் ஒருவருடன் ஹஃபீத் மலையடிவாரத்தில் நடக்கக் கிளம்பினேன். நம் குடும்பிமலைப் பக்கம் போவதுபோல வழியில் மரநிழல் இருக்கும் என்று நினைத்தது என் அறியாமை. ஒரு மணித்தியாலத்துக்குள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவ்வழியே வந்த ஒரு பாகிஸ்தானியச் சாரதிதான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். டிசம்பரில் பகல் வெப்பம் 25 பாகை அளவில்தான் இருக்கும் என்றாலும், நிழலில்லாத கற்பாறை என்பது மாறாது.

ஹஃபீத் மலையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமீரகத்துக்கும் ஓமானுக்கும் எல்லையில் கிடக்கும் அந்த மலையின் உயரம் சுமார் 1,240 மீற்றர், அதாவது நம் பிதுருதலாகலையில் பாதிக்கும் குறைவு. ஆனால் சுற்றிலுமுள்ள தட்டையான நிலத்திலிருந்து நேரே எழுவதால் பார்வைக்கு மிகப் பெரிதாகத் தெரியும். உச்சிவரை சுமார் 12 கிலோமீற்றர் நீளத்தில் வளைந்து வளைந்து செல்லும் நல்ல பாதை இருப்பதால், அம்மா ஓர் அடிகூட ஏறவேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்த கையோடு ஏற்றிவிடாதீர்கள், வளைவுகள் வயிற்றைப் புரட்டும். டிசம்பரில் ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் நாலரைக்கே மேலே போய்விடுவது நல்லது. மலையில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த இடம் என்பதால் பாறைகளில் கடலுயிர்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். அடிவாரத்தில் சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான கல்லறைகள் இருக்கின்றன. மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்த மட்பாண்டங்கள் அவற்றுள் கிடைத்ததால், அந்தக் காலத்திலேயே இவ்வளவு தூரம் வணிகம் நடந்தது தெரிகிறது. மலைக்கு வடபுறம் உள்ள முபஸ்ஸராவில் வெந்நீர் ஊற்று ஓடைகளாக ஓடுகிறது. நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்த அம்மாவுக்கு அங்கே கால் நனைத்து உட்காரப் பிடிக்கும்.

நண்பகல் வேளைக்குரிய இடம் அல் ஐன் பேரீச்சந்தோப்பு. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். நகரின் நடுவில் 147,000க்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள் நிற்கின்றன; சுவர்களுக்கிடையே கல் பதித்த பாதைகளில் நிழலிலேயே நடக்கலாம். 2011 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த அல் ஐன் இடங்களுள் இதுவும் ஒன்று. மலைப்பக்கத்து நிலத்தடி நீரைச் சரிவின் போக்கிலேயே நிலத்துக்கடியில் கொண்டுவரும் கால்வாயை அங்கே 'ஃபலஜ்' என்கிறார்கள். தோப்புக்குள் அது சிறு வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்து மூடுவது பழைய வழக்கம். நம் வயல் வட்டைகளில் வட்டவிதானை தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அரபு நாட்டில் முதன்முதலாக அந்நியமாகத் தோன்றாத காட்சி அதுவே.

எல்லைக்கு மறுபுறம் இருக்கும் புரைமி நகரம் ஓமானுடையது. ஒரே பாலைவனச் சோலை இரு நாடுகளுக்குப் பிரிந்துபோனதால் இப்படி ஒட்டிக் கிடக்கிறது. அங்குள்ள 'அல் கந்தக்' என்னும் கோட்டை பார்க்கத் தக்கது. ஆனால் கடவுச்சீட்டும் ஓமான் வீசாவும் ஓமானுக்குச் செல்லுபடியாகும் வாகனக் காப்புறுதியும் வேண்டும். காப்புறுதியை மறந்துபோய் ஒருமுறை நாங்கள் எல்லையிலிருந்தே திரும்பினோம். உங்களுக்கு இருப்பது ஐந்து நாள்தான் என்பதால் இதை விட்டுவிட்டாலும் குறையில்லை.

துபாய் அமீரகத்தைச் சேர்ந்த மலையூரான ஹத்தாவின் அணையில் படகு வலிக்கலாம், பிள்ளைகள் மகிழ்வார்கள். விடுமுறை நாளில் கூட்டம் அதிகம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே 'வாதி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகள் மலையில் எங்கோ பெய்த மழைக்குத் திடீரென வெள்ளம் கொண்டுவரும். நம் ஊர் மாரியில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அங்கே அந்த அவகாசம் கிடைக்காது. மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தால் படுகைக்குள் வாகனத்தை இறக்கவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஓர் இரவை மணலுக்கு ஒதுக்குங்கள். தெற்கே அல் குவா பக்கம் நகர வெளிச்சம் எட்டாததால் பால்வீதி தெளிவாகத் தெரியும். கல்லடிப் பாலத்தில் மீன் பாடுவதைக் கேட்கப் பௌர்ணமி பார்த்துப் போகிறோம் அல்லவா, இதற்கு அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். மணலுக்குள் இறங்குவதானால் நாற்சக்கர இயக்க வாகனங்கள் குறைந்தது இரண்டு சேர்ந்து போகவேண்டும், ரயர்க் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கவேண்டும். பழக்கமில்லையென்றால் தார்ச்சாலை ஓரத்திலேயே பாய் விரித்துக்கொள்ளுங்கள், வானம் ஒன்றுதான். டிசம்பர் இரவில் குளிர் 12 பாகைக்கும் கீழே போகும் என்பதால், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் கல்முனையிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.