அருளானந்தரைக் கொன்றது குடும்பச் சண்டையா?

கேள்வி: ஓரியூரில் வெட்டப்பட்ட அருளானந்தர் அடுத்தவர் குடும்பத்தில் தலையிட்டு, தடியத்தேவரின் மனைவிகளைப் பிரித்துவைத்தார். அதற்குத்தான் தண்டனை கிடைத்தது. அவரை வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர், என்பது பொருந்துமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பொருந்தும். அவர் வெட்டப்பட்ட 1693-ஐ மட்டும் நீங்கள் பார்க்கிறீர்கள். 1686-இலிருந்து பார்க்க வேண்டிய கதை இது.

அருளானந்தர் 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜோவான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு; மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, புலால் விட்டு, பண்டார சுவாமி என்ற துறவிக் கோலத்தில் ஊர் ஊராக நடந்தவர். 1686-இல் மறவர் சீமைக்குள், அதாவது சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரம் பக்கம், நுழைந்தார். அப்போது தடியத்தேவரும் இல்லை, கல்யாணப் பஞ்சாயத்தும் இல்லை. ஆனாலும் பிடித்தார்கள். சங்கிலியால் கட்டினார்கள், தண்ணீரில் முக்கினார்கள், சிவன் பெயரைச் சொல்லச் சொல்லி அடித்தார்கள். கூட இருந்த உபதேசியார்களும், அதாவது வேதம் சொல்லிக்கொடுக்கும் அவருடைய உதவியாளர்களும், அதே அடியை வாங்கினார்கள். கப்பலேறித் தப்பிக்க வழியில்லாத உள்ளூர் மனிதர்கள் அவர்கள். அவர்களை நாம் எவரும் நினைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கடைசியில் ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து விடுதலை செய்தார். ஆனால் இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது, மீறினால் உயிர் இருக்காது என்று சொல்லித்தான் அனுப்பினார். தடியத்தேவரின் மனைவி கடலாயி புகார் கொடுப்பதற்கு ஆறு வருடம் முன்பே போடப்பட்ட தடை இது.

அப்புறம் அவர் லிஸ்பன் போக நேர்ந்தது. சிறுவயதில் அரண்மனையில் கூடப் பழகிய பேத்ரு இப்போது அரசர். மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார். மிச்ச வாழ்நாள் முழுக்க அரண்மனையில் இருந்திருக்கலாம். அருளானந்தரோ 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பி, தமக்கு மரணம் விதிக்கப்பட்டிருந்த அதே சீமைக்கு மறுபடி போனார்.

சரி, கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நோய் தீர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழச் சம்மதித்தால்தான் தரமுடியும் என்றார் குரு. தேவர் சம்மதித்து, 1693 ஜனவரி 6-இல் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? ஒரே நாளில் மனைவி என்ற இடமே பறிபோன பெண் அவர். நம் கிறிஸ்தவ மேடைகளில் அவரை, பைபிளில் யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. அவருடைய முறையீடு நியாயமானது. உங்கள் கேள்வியில் உள்ள உண்மை அதுதான்.

ஆனால் முறையீடு ஒருத்தியுடையது, தண்டனை அரசனுடையது. தடியத்தேவர் பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய வழியில் வந்தவர். அப்படிப்பட்டவர் தடை செய்த மதத்தில் சேர்ந்தால் அவர் பின்னால் எத்தனை பேர் போவார்கள் என்று அரண்மனை கணக்குப் போட்டிருக்கும். இரண்டே நாளில், ஜனவரி 8-இல், அருளானந்தரைக் கைது செய்தார்கள். வெளியே நாடுகடத்தல் என்று சொல்லி, ஓரியூரில் இருந்த சேதுபதியின் தம்பிக்குக் கொன்றுவிடும்படி ரகசிய உத்தரவு போனது.

தம் மீது என்ன குற்றம் என்று அவரே எழுதியிருக்கிறார். பிப்ரவரி 3, சாவதற்கு முந்தைய நாள், சிறையிலிருந்து சபைத் தலைவருக்கு எழுதிய கடிதம். வேதத்தைப் போதித்ததும், பிற தெய்வங்களை வணங்கக் கூடாது என்றதும்தான் தம் குற்றம் என்கிறார். அதில் கடலாயி மீது ஒரு கசப்பும் இல்லை. மறுநாள் வெட்ட வந்தவன் அவர் கழுத்தில் தொங்கிய கயிற்றை மந்திரம் என்று பயந்து, முதலில் அதை அறுக்கப் போய் மார்பையும் கீறினான். பிறகுதான் தலையை வெட்டினான்.

1947-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தான், திருவாடானை வழியாகப் போகலாம். பிப்ரவரி 4 திருவிழாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று மக்கள் நம்பும் அந்தச் செம்மண்ணைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களில் ஞானஸ்நானம் பெறாத மறவர் குடும்பங்களும் உண்டு.