ஒட்டிக்கொண்ட தோசையும் நடனம்தான்

கேள்வி: வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். வாரம் ஒரு பீரியட் நடனத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு நடனம் தெரியாது. பாட்டுப் போட்டால் எல்லோரும் சினிமா ஸ்டெப்பையே போடுகிறார்கள். பையன்கள் தள்ளுமுள்ளில் இறங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: தெரியாதது நல்லதுதான் டீச்சர். தெரிந்திருந்தால் முன்னால் நின்று ஆடிக் காட்டியிருப்பீர்கள்; 38 பேரும் உங்களையே நகலெடுத்திருப்பார்கள். பரதநாட்டியத்தின் அடிப்படைக் கால்தட்டு அசைவான தட்டடவைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். படைப்பு நடனம் வேறு. அதில் அசைவு பிள்ளையிடமிருந்து வர வேண்டும்.

முதல் இரண்டு வகுப்புக்கு ஒரே வேலை, நிற்கப் பழக்குவது. காலி பிஸ்கட் டின்னும் ஒரு கரண்டியும் போதும். தட்டும்வரை நடக்கலாம், சத்தம் நின்றால் சிலை. யார் மேலும் படக்கூடாது. தள்ளுமுள்ளு பாதி இதிலேயே அடங்கும். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, பாதிப் பேர் ஆட, மீதிப் பேர் கை தட்டட்டும். சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள், தரை வழுக்கும்.

அப்புறம் வினைச்சொல் கொடுங்கள். ‘மழை மாதிரி ஆடுங்க’ என்றால் எல்லோரும் விரலைத்தான் ஆட்டுவார்கள். சொட்டு, வழி, தேங்கு, தெறி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ‘முழங்கையால வழிய முடியுமா?’ என்று கேளுங்கள்.

நான் அடிக்கடி எடுப்பது தோசை. ஊற்று, பரவு, வேகு, திரும்பு, சுருள். ஒருமுறை எல்லோரும் திரும்பிப் படுத்தார்கள்; ஒரு பையன் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். ‘மிஸ், நான் கல்லுல ஒட்டிக்கிட்டேன்’ என்றான். வயிறு தரையில் பதிந்திருக்க, ஒரு தோள் மட்டும் மெல்லப் பிய்ந்து எழுந்தது. நான் சொல்லிக் கொடுத்து வந்திருக்காது அது. அவனிடம் ‘சூப்பர்’ என்று சொல்லவில்லை. ‘தோள் முதல்ல வந்துச்சு, வயிறு வரல’ என்று பார்த்ததைச் சொன்னேன். உடனே நாலு பேர் ஒட்டிக்கொண்டார்கள்.

சரி, அசைவு வந்துவிட்டது. அதை எப்படி வளர்ப்பது? 1948-இல் பள்ளி நடனத்துக்கென்றே நூல் எழுதிய நடன அறிஞர் ருடால்ஃப் லாபன், அசைவை எடை, காலம், இடம், ஓட்டம் என்று பிரித்துப் பார்த்தார். பிள்ளைகளுக்கு இந்தப் பெயரெல்லாம் வேண்டாம். அதே ‘பரவு’வை காஸ் சிலிண்டர் கனத்தில் ஒருமுறை, காத்தாடி கனத்தில் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். பிறகு முழங்கால் உயரத்துக்குக் கீழேயே.

சினிமாப் பாட்டுக்குத் தடை போடாதீர்கள், கடைசி ஐந்து நிமிடம் அவர்களுடையது. மற்ற நேரத்தில் சொல் இல்லாத தவிலோ பறையோ ஒலிக்கட்டும். பாட்டின் சொல் வந்தால் ஸ்டெப்பும் கூடவே வந்துவிடும்.

ஆண்டு விழாவுக்கு என்ன என்று எச்.எம். கேட்பார். தோசையையே மேடையேற்றுங்கள். வரிசை கோணலாகத்தான் இருக்கும். ஒட்டிக்கொண்டவனை நடுவில் விடுங்கள்.